45 பேர் சபை, 13 பேர் கட்சி: கணக்கை யாரிடம் கேட்பது?

கொட்டடி வாசி | 2025 ஓகஸ்ட் 3, காலை

யாழ்ப்பாண மாநகர சபையில் 45 உறுப்பினர்கள். மே மாதத் தேர்தலில் வீட்டுக்கு (தமிழரசுக் கட்சி) 13, சைக்கிளுக்கு (தமிழ்க் காங்கிரஸ்) 12, திசைகாட்டிக்கு (தேசிய மக்கள் சக்தி) 10, சங்குக்கு (ஜனநாயகத் தமிழ்த் தேசியக் கூட்டணி) 4, வீணைக்கு (ஈ.பி.டி.பி.) 4, யானைக்கு (ஐக்கிய தேசியக் கட்சி, ஐ.தே.க.) 1, தொலைபேசிக்கு (ஐக்கிய மக்கள் சக்தி) 1. ஜூன் 13 இல் வீட்டுச் சின்னத்து உறுப்பினர் 19க்கு 16 வாக்கு என்று மாநகர முதல்வரானார் (மேயர்).

நாலு வருசம் கழித்துக் குப்பையும் வடிகாலும் சந்தையும் இப்போது இருப்பதைவிட மோசமாக இருந்தால் நான் யாரைத் தண்டிப்பது? முதல்வரின் கட்சி "எங்களுக்குப் பெரும்பான்மை இல்லை" என்னும். கைகொடுத்தவர்கள் "நிர்வாகம் எங்கள் கையில் இல்லை" என்பார்கள். நடுவில் நின்றவர்கள் "எங்களுக்கு இதில் சம்பந்தமே இல்லை" என்பார்கள். மூன்றும் ஒருவகையில் உண்மைதான். என் வாதம் இது: கூட்டு ஆட்சி வந்தால் வாக்காளருக்குக் கணக்குக் கேட்கும் வழியே கிடையாது. மறுப்பவர்கள் எண்களோடு வரவும்.

கணக்கப்பிள்ளை | ஓகஸ்ட் 3, மதியம்

எண் தானே கேட்டீர்கள். 19ம் 16ம் 35. மிச்சம் 10 பேர் எந்தப் பக்கமும் இல்லை. வித்தியாசம் 3. இதை வைத்து "இவர் மாறியிருந்தால் முடிவு மாறியிருக்குமா?" என்று ஒவ்வொரு குழுவுக்கும் கேட்டுப் பாருங்கள்.

ஆதரித்த பக்கத்தில் தனி உறுப்பினர் ஒருவர் எதிர்ப்பக்கம் போயிருந்தால் 18க்கு 17. முடிவு மாறாது. அதே பக்கத்தில் நால்வர் குழு ஒன்று எதிர்க்கக்கூட வேண்டாம், சும்மா இருந்திருந்தாலே 15க்கு 16. முடிவு மாறும். நடுவில் நின்ற 10 பேர் எதிர்த்திருந்தால் 19க்கு 26. தலைகீழாக மாறும்.

ஆகவே பொறுப்பு 45 பேருக்கும் சமமாகச் சிதறிக் கிடக்கவில்லை. முதல்வரின் கட்சி, ஆதரித்த நால்வர் குழு, நடுநிலை நின்ற பத்துப் பேர் என்று மூன்று இடத்தில்தான் அது குவிந்திருக்கிறது. கணக்கின்படி முடிவை மாற்றும் பலம் அதிகம் இருந்தது அந்தப் பத்துப் பேரிடம். நடுநிலை என்பதை நம்மூரில் ஒதுங்கி நிற்பதாகவே பார்க்கிறோம். வித்தியாசம் 3 ஆக இருக்கும் சபையில் 10 பேரின் நடுநிலை என்பது முதல்வரைத் தெரிவு செய்த செயல்.

வல்லைவெளி | ஓகஸ்ட் 3, இரவு

அண்ணை, தனி ஆளை அவ்வளவு லேசா விட்டிட்டியள். ஆதரிச்ச பக்கத்திலை தனி ஆக்கள் ரெண்டு பேர் இருந்து, ரெண்டு பேரும் கதைச்சுப் பேசி ஒண்டா மாறியிருந்தால் 17க்கு 18. கவிழ்ந்திடும். எங்கடை ஊரிலை ரெண்டு பேர் கதைச்சுப் பேசுறதுதான் கஷ்டம் எண்டது வேறை விசயம்.

கணக்கப்பிள்ளை | ஓகஸ்ட் 4

வல்லைவெளி சொன்னதைச் சேர்த்துக்கொள்ளுங்கள்: தனியாகப் பலமில்லாதவர்கள் சோடியாகப் பலம் பெறுவார்கள். அதனால் எண்ணிக்கை மட்டும் போதாது, பெயரும் வேண்டும்.

பெயர் கிடைப்பதில் ஒரு சிக்கல். ஒரு கட்சிக்குப் பாதிக்கு மேல் ஆசனம் இருந்தால் அதன் செயலாளர் பெயரைக் கொடுப்பார், வாக்கெடுப்பே வராது. அப்படி இல்லாத சபையில் உள்ளூராட்சி ஆணையாளர் முதல் அமர்வைக் கூட்டி நடத்துவார். பகிரங்க வாக்கா, இரகசிய வாக்கா என்பதை உறுப்பினர்களே தீர்மானிப்பார்கள். இரகசியம் என்று முடிவானால் நமக்குக் கிடைப்பது எண் மட்டும். யார் யாரை ஆதரித்தார் என்பது தேநீர்க்கடைக் கதையாகவே போய்விடும். அப்போது நீங்கள் பார்க்க வேண்டியது முதல் வாக்கெடுப்பை: "இரகசியமாக நடத்துவோம்" என்று கை உயர்த்தியவர் யார்? அது பகிரங்கமாகத்தான் நடக்கும்.

கொட்டடி வாசி | ஓகஸ்ட் 4

சரி, ஒருநாள் வாக்கு அது. நாலு வருசத்துக்கும் அதையே வைத்துப் பேச முடியுமா?

கணக்கப்பிள்ளை | ஓகஸ்ட் 5

முடியாது. அதனால்தான் பாதீட்டை, அதாவது வருடாந்த வரவு செலவுத் திட்டத்தை, பார்க்கச் சொல்வது. போன சபையின் கதையைத் திரும்பப் பார்ப்போம், இதைவிட நல்ல பாடம் கிடையாது.

2018 பெப்ரவரி 10 தேர்தலில் அதே 45 ஆசனம். வீடு 16, சைக்கிள் 13, வீணை 10, மற்றவை 6. வீட்டின் ஆர்னோல்ட் முதல்வரானார். 2020 டிசம்பரில் அவருடைய பாதீடு இரண்டு தடவை தோற்றது. சட்டம் என்ன சொல்கிறது என்றால், முதல் தடவை தோற்றால் திருத்திக்கொண்டு மறுபடி வரலாம். இரண்டாம் தடவையும் தோற்றதால் அவர் பதவி விலகியதாகவே கொள்ளப்பட்டார். பதவி போனது. அந்த மாதம் 30 ஆம் திகதி சைக்கிளில் வந்த, ஆனால் தன் கட்சித் தலைமையோடு முரண்பட்டிருந்த மணிவண்ணன் ஈ.பி.டி.பி. ஆதரவோடு 21 வாக்கு எடுத்தார். மறுபடி போட்டியிட்ட ஆர்னோல்ட் 20. இரண்டு வருசம் கழித்து மணிவண்ணனும் விலக, 2023 ஜனவரியில் மீண்டும் ஆர்னோல்ட். மார்ச் 19 இல் சபையின் காலம் முடிந்தது.

இப்போது 2018 இல் சைக்கிளுக்குப் புள்ளடி போட்ட ஒருவரை நினையுங்கள். வீணையை எதிர்த்துத்தான் அவர் அதைப் போட்டிருப்பார். அந்த வாக்கின் ஒரு பகுதி வீணையின் ஆதரவோடு ஒரு முதல்வரை உருவாக்கியது. கட்சி "அவர் எங்கள் ஆள் இல்லை" என்றது. உறுப்பினர் "மக்கள் எனக்குத்தான் போட்டார்கள்" என்றார். கொட்டடி வாசியின் ஆத்திரம் இந்த இடத்தில் நியாயமானது.

ஆனால் அதே கதையில் கைப்பிடி ஒன்றும் இருக்கிறது. முதல்வர் தெரிவு எப்போதோ ஒருமுறை. பாதீடு ஒவ்வொரு டிசம்பரும். கூட்டு இருக்கிறதா, எவ்வளவு பெரியது, யார் கழன்றார் என்பதெல்லாம் அன்று பெயரோடு தெரியும். பத்திரிகையில் வரும் "நிபந்தனையற்ற ஆதரவு", "மக்கள் நலன் கருதி" போன்றவற்றை வெட்டிவிட்டு அந்த ஒரு வாக்குப் பதிவுத் தாளை மட்டும் வைத்துக்கொள்ளலாம்.

சங்குப்பிட்டி | ஓகஸ்ட் 5

அந்தத் தாளை எடுப்பது எப்படி என்று யாரும் சொல்லவில்லையே. 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம். சபையின் தகவல் அலுவலருக்கு எழுத வேண்டும். படிவம் இருக்கிறது, படிவம் இல்லாமல் கடிதமாக எழுதினாலும் ஏற்க வேண்டும். காரணம் சொல்லத் தேவையில்லை.

கேட்கும் வசனத்தில்தான் கனபேர் கோட்டை விடுகிறார்கள். "ஏன் ஆதரித்தீர்கள்?" என்று கேட்டால் பதில் வராது, வரவும் தேவையில்லை. இந்தச் சட்டம் இருக்கிற ஆவணத்தைத் தரும். காரணம் எழுதித் தராது. இப்படிக் கேளுங்கள்: "இன்ன திகதி நடந்த பாதீட்டு அமர்வின் கூட்ட அறிக்கையின் பிரதி, வாக்களித்த ஒவ்வோர் உறுப்பினரின் பெயரும் அவர் அளித்த வாக்கும், அன்றைய வரவுப் பதிவேட்டின் பிரதி." மூன்றையும் தனித்தனி இலக்கமிட்டு எழுதுங்கள். ஒன்றை மறுத்தாலும் மற்ற இரண்டும் வரும்.

விண்ணப்பம் கிடைத்ததற்கான சீட்டை வாங்காமல் வெளியே வராதீர்கள், நாள் எண்ணுவது அதிலிருந்துதான். தருவதா இல்லையா என்று 14 வேலை நாளுக்குள் சொல்ல வேண்டும். தருவதாகச் சொன்னால் அதிலிருந்து 14 நாளுக்குள் தர வேண்டும். தேவைப்பட்டால் காரணம் சொல்லி நீடிக்கலாம். மறுத்தால் 14 நாளுக்குள் குறித்தளிக்கப்பட்ட அலுவலருக்கு மேன்முறையீடு. அங்கேயும் சரிவராவிட்டால் இரண்டு மாதத்துக்குள் தகவல் அறியும் உரிமை ஆணைக்குழு.

முதல்வர் தெரிவு நடந்த அமர்வை உள்ளூராட்சி ஆணையாளர் நடத்துவதால் அந்தப் பதிவை ஆணையாளரின் திணைக்களத்திடமும் கேட்பது நல்லது. சபையில் கேட்டால் "எங்களிடம் இல்லை" என்று ஒரு வரியில் முடிக்க இடமிருக்கிறது.

வல்லைவெளி | ஓகஸ்ட் 6

உதெல்லாம் எடுத்து வச்சு என்ன செய்யிறது? உள்ளூராட்சியிலை ஒரே ஒரு புள்ளடிதான். அதுதான் வட்டார ஆளுக்கும் போகுது, அதுதான் கட்சியின்ரை விகிதாசாரக் கணக்குக்கும் போகுது. மாநகர சபையிலை 27 வட்டாரம், 18 பட்டியல். எங்கடை வட்டாரத்து ஆள் தங்கமான ஆள், கட்சிதான் சரியில்லை எண்டால் நான் என்ன செய்ய? பிரிச்சுப் போட ஏலாது. பட்டியல் ஆளைத் தெரிவு செய்யிறது கட்சிச் செயலாளர்; அதிலை எனக்கு விருப்பு வாக்கும் இல்லை.

கணக்கப்பிள்ளை | ஓகஸ்ட் 6

உண்மை. இன்னொரு வேடிக்கையும் உண்டு. வட்டாரத்தில் தோற்ற கட்சிக்கு அந்த வாக்கு பட்டியல் ஆசனமாகத் திரும்பி வரும். வட்டாரத்தில் வென்ற கட்சிக்கு அந்த அளவு பட்டியல் குறையும். ஒரு கட்சியை எல்லா வட்டாரத்திலும் தோற்கடித்தாலும் அதன் மொத்த வாக்கு குறையாவிட்டால் உறுப்பினர் எண்ணிக்கை பெரிதாகக் குறையாது. முகங்கள்தான் மாறும், அதுவும் செயலாளர் விரும்பும் முகங்களாக. தண்டிக்க நினைப்பவர் வட்டாரத்தைப் பார்த்து வாக்களித்தால் ஏமாறுவார்.

கொட்டடி வாசி | ஓகஸ்ட் 9

நாடாளுமன்றத் தேர்தலிலாவது தண்டனை நேராகப் போகுமா?

கணக்கப்பிள்ளை | ஓகஸ்ட் 10

அங்கே இன்னும் சுற்றிப் போகும். 2024 நவம்பர் முடிவை எடுப்போம். யாழ்ப்பாணத் தேர்தல் மாவட்டம், கிளிநொச்சியும் சேர்த்து, 6 ஆசனம். செல்லுபடியான வாக்கு 325,312.

படி ஒன்று: 5 வீதத்துக்குக் கீழே எடுத்தவர்களைக் கழிக்க வேண்டும். வெட்டுப்புள்ளி 16,266. தாண்டியவர்கள் ஆறு பேர்.

திசைகாட்டி 80,830
வீடு 63,327
சைக்கிள் 27,986
சுயேச்சைக் குழு 17: 27,855
சங்கு 22,513
வீணை 17,730

படி இரண்டு: முதலாவதாக வந்தவருக்கு ஒரு போனஸ் ஆசனம். திசைகாட்டிக்கு 1.

படி மூன்று: ஆறு பேரின் கூட்டுத்தொகை 240,241. மிச்சமுள்ள 5 ஆசனத்தால் வகுத்து, பின்னம் வந்தால் மேலே ஏற்றினால் 48,049. இதுதான் ஓர் ஆசனத்தின் விலை. முழு விலை கொடுக்க முடிந்தவர்கள் திசைகாட்டியும் வீடும் மட்டும், ஆளுக்கு ஒன்று.

படி நான்கு: மீதி மூன்று ஆசனம் எஞ்சிய வாக்குப்படி. திசைகாட்டியின் எச்சம் 32,781. சைக்கிளுக்கு 27,986 முழுதாக. சுயேச்சைக்கு 27,855 முழுதாக. சங்கு நாலாவது, வெளியே. வீட்டின் எச்சம் 15,278, அதுவும் வெளியே.

முடிவு: திசைகாட்டி 3, வீடு 1, சைக்கிள் 1, சுயேச்சை 1. நாலில் ஒரு பங்குக்குச் சற்றுக் குறைந்த வாக்குக்குப் பாதி ஆசனம்.

இப்போது உங்கள் கேள்வி. சங்கில் இருந்தவர்களில் ரெலோ, புளொட், ஈ.பி.ஆர்.எல்.எப். ஆகியவை ஒருகாலத்தில் வீட்டோடு ஒரே கூட்டில் இருந்தவை. ஈ.பி.ஆர்.எல்.எப். முன்பே விலகியிருந்தது, மற்ற இரண்டும் 2023 ஜனவரியில் பிரிந்தன. பிரியாமல் நின்றிருந்தால் என்று வெறும் கூட்டல் செய்தால் 63,327 + 22,513 = 85,840. அது 80,830ஐ விட அதிகம். போனஸ் இடம்மாறும். ஆசன விலை அதே 48,049. கூட்டின் எச்சம் 37,791, திசைகாட்டி 32,781, சைக்கிள் 27,986. மூன்றும் முடிந்துவிட்டன. கூட்டு 3, திசைகாட்டி 2, சைக்கிள் 1, சுயேச்சை 0.

ஒரு கூட்டு உடைந்ததால் அந்தக் கூட்டுக்கு இரண்டு ஆசனம் போனது. அதில் ஒன்று திசைகாட்டிக்கு, மற்றது சுயேச்சைக்கு. சைக்கிளுக்கு ஒரு மாற்றமும் இல்லை.

சங்குப்பிட்டி | ஓகஸ்ட் 10

கூட்டல் சரி. வாக்காளர் கூட்டல் குறிகள் அல்ல. சங்குக்குப் போட்டவர்களில் ஒரு பகுதி வீட்டின் மேல் கோபத்தில்தான் அங்கே போனது. சின்னம் ஒன்றாக இருந்திருந்தால் அவர்கள் சைக்கிளுக்கோ சுயேச்சைக்கோ போயிருப்பார்கள், அல்லது வீட்டில் இருந்திருப்பார்கள். சைக்கிளுக்கும் சுயேச்சைக்கும் இடையில் 131 வாக்குத்தான். அதில் 132 பேர் பக்கம் மாறினாலே உங்கள் இரண்டாவது கணக்கில் கடைசி ஆசனம் கைமாறிவிடும்.

கணக்கப்பிள்ளை | ஓகஸ்ட் 11

ஒப்புக்கொள்கிறேன், அது மேல்வரம்பு என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் போனஸ் விசயம் மிஞ்சுகிறது. முதலாம் இடத்துக்கும் இரண்டாம் இடத்துக்கும் வித்தியாசம் 17,503. சங்கின் மொத்தம் அதைவிட 5,010 அதிகம். பத்தில் எட்டுப் பேர் வீட்டோடு நின்றிருந்தாலும் போனஸ் மாறியிருக்கும்.

இன்னொன்று. அந்தத் தேர்தலில் நிராகரிக்கப்பட்ட வாக்குகள் 32 ஆயிரத்துக்கு மேல். சைக்கிளின் மொத்த வாக்கைவிட அதிகம். இவற்றில் எத்தனை "எல்லாரையும் தண்டிக்கிறேன்" என்று வேண்டுமென்றே பழுதாக்கியவை, எத்தனை தவறுதலானவை என்று பிரிக்க வழியில்லை. ஆனால் விளைவு ஒன்றுதான்: நிராகரிக்கப்பட்ட வாக்கு 5 வீதக் கணக்கிலும் சேராது, ஆசன விலையிலும் சேராது. யாரையும் தண்டிக்காத ஒரே வாக்கு அது.

வல்லைவெளி | ஓகஸ்ட் 11

ரெண்டு கட்சிக்குப் புள்ளடி போட்டால் பழுது. ஒரு கட்சிக்குப் போட்டு நாலு விருப்பு இலக்கம் கீறினால் கட்சி வாக்கு நிக்கும், விருப்பு வாக்கு நாலும் போயிடும். கட்சிக்குப் போடாமல் இலக்கம் மட்டும் கீறினால் எல்லாம் போச்சு. "நான் ஆளுக்குத்தான் போட்டனான், கட்சிக்கு இல்லை" எண்டு சொல்லிக்கொண்டு திரியிற ஆக்கள் இதை வாசிக்கோணும்.

கணக்கப்பிள்ளை | ஓகஸ்ட் 13

அந்த விருப்பு இலக்கம்தான் கூட்டுக்குள் கையை விடும் ஒரே துவாரம். தமிழ்த் தேசியக் கூட்டமைப்பு என்ற அந்தப் பழைய கூட்டு பதிவு செய்யப்பட்ட கட்சியாக இருந்ததில்லை. வீடு தமிழரசுக் கட்சியின் சின்னம். அதன் கீழே மற்றவர்களும் நின்றார்கள். புள்ளடி முழுக் கூட்டுக்கும் போகும். ஆனால் மூன்று விருப்பு வாக்கை யாருக்கு என்பது உங்கள் கையில்.

2020 ஐப் பாருங்கள். வீட்டுக்கு 3 ஆசனம். சிறீதரன், சுமந்திரன், சித்தார்த்தன் வந்தார்கள். அப்போது தமிழரசுக் கட்சியின் தலைவராக இருந்த மாவை சேனாதிராசா விருப்பு வாக்கில் பின்தங்கி வெளியே போனார். பங்காளிக் கட்சியான புளொட்டின் தலைவர் சித்தார்த்தன் உள்ளே வந்தார். கூட்டுக்கு வாக்களித்துக்கொண்டே கூட்டின் பெரிய கட்சித் தலைவரை வெளியே அனுப்ப முடிந்தது. இது எல்லா நாட்டிலும் கிடைக்கிற வசதியல்ல. கட்சியே வரிசை எழுதிவிடும் மூடிய பட்டியல் முறையில் இதைச் செய்ய முடியாது.

கொட்டடி வாசி | ஓகஸ்ட் 13

விருப்பு வாக்கின் கெட்ட பக்கத்தையும் சொல்லுங்கள். ஒரே கட்சிக்காரர் ஒருவர் சுவரொட்டியை மற்றவர் கிழிக்கிறது அதனால்தான்.

கணக்கப்பிள்ளை | ஓகஸ்ட் 13

அதுவும்தான். செலவு கூடும், உள்வீட்டுச் சண்டை கூடும், மாவட்டம் முழுதும் முகம் காட்டக்கூடியவர்தான் வெல்வார். துவாரம் இருக்கிறது என்றேன், வாசல் என்று சொல்லவில்லை.

சங்குப்பிட்டி | ஓகஸ்ட் 17

இதுவரை அமைச்சுப் பதவி எடுத்தவர்களையும் எடுக்காதவர்களையும் ஒன்றாகவே பேசுகிறோம். 2015 முதல் 2019 வரை கூட்டமைப்பு செய்தது தனி வகை. 2015 இல் யாழ்ப்பாணத்தில் 207,577 வாக்கு, 69 வீதம், 7 இல் 5 ஆசனம். கொழும்பில் ஐ.தே.க. பக்கமும் சுதந்திரக் கட்சியும் சேர்ந்து தேசிய அரசாங்கம். 19 ஆவது திருத்தம் அமைச்சரவையை 30 பேராக மட்டுப்படுத்தியிருந்தாலும் தேசிய அரசாங்கம் என்றால் நாடாளுமன்றம் கூட்டிக்கொள்ளலாம் என்று ஒரு கதவு விட்டிருந்தது. அந்தக் கதவால் அமைச்சரவையை 48 பேர் வரை கூட்ட நாடாளுமன்றம் அனுமதித்தது. சம்பந்தன் எதிர்க்கட்சித் தலைவர். அதேநேரம் பாதீட்டு வாக்கெடுப்புகளில் கூட்டமைப்பு அரசை ஆதரித்தது.

எதிர்க்கட்சி ஆசனத்தில் இருந்துகொண்டு அரசின் பாதீட்டுக்குக் கை உயர்த்தினால் வாக்காளர் என்ன கணக்கில் எழுதுவார்? காணி விடுவிப்பு, காணாமற்போனோர் அலுவலகச் சட்டம் போன்றவற்றை "எங்கள் ஆதரவால் வந்தது" என்று சொல்லலாம். புதிய அரசியலமைப்பு வராமற் போனதற்கு "நாங்கள் அரசில் இல்லையே" என்று சொல்லலாம். வரவில் பங்கு, செலவில் பங்கில்லை. 2020 இல் யாழ்ப்பாண வாக்காளர் அந்தக் கணக்கை ஏற்கவில்லை: 112,967 வாக்கு, 31 வீதம்.

கணக்கப்பிள்ளை | ஓகஸ்ட் 17

வாக்கு 45 வீதத்துக்கு மேல் சரிந்தது. ஆசனமோ 5 இலிருந்து 3க்கு. காரணம் அதே போனஸ்தான்: 2020 இல் முழு விலை கொடுத்து வாங்கியது 2, போனஸ் 1. எதிர்த்தவர்கள் சைக்கிள், கை (சுதந்திரக் கட்சி), வீணை, விக்கினேஸ்வரன் அணி என்று நாலாகப் பிரிந்து நின்றதால் முதலிடம் தப்பியது. தண்டனையின் அளவை வாக்கு வீதத்தில் பாருங்கள், ஆசனத்தில் பார்க்காதீர்கள். கட்சிக்காரர்கள் தலைகீழாகப் பார்ப்பார்கள்: "மூன்று ஆசனத்தோடு நாங்களே முதலிடம்".

நாடாளுமன்றத்தில் யார் எதற்குக் கை உயர்த்தினார் என்று பார்க்க நாடாளுமன்ற உரைப் பதிவான ஹன்சாட் போதும், இணையத்தில் இருக்கிறது. பாதீட்டின் இரண்டாம் வாசிப்பு வாக்கெடுப்பும் மூன்றாம் வாசிப்பு வாக்கெடுப்பும் தனித்தனி. பெயர் கூவி எடுத்த வாக்கெடுப்பென்றால் ஆம், இல்லை, விலகியிருந்தவர் என்று பட்டியல் வரும். வராதவர் பட்டியல் வராது. அதை நீங்களே 225 இலிருந்து கழித்து எடுக்க வேண்டும். கூட்டில் இருப்பவர்கள் ஒளியும் இடம் அதுதான். எதிர்த்தால் பங்காளிக்குக் கோபம், ஆதரித்தால் ஊருக்குக் கோபம், சபையின் தேநீர் அறையில் இருந்தால் யாருக்கும் கோபமில்லை.

வல்லைவெளி | ஓகஸ்ட் 18

வெளிநாட்டிலை எப்பிடி? அங்கையும் சின்னப் பங்காளிக்குத்தான் அடியோ?

கணக்கப்பிள்ளை | ஓகஸ்ட் 19

பெரும்பாலும். பிரித்தானியாவில் லிபரல் ஜனநாயகக் கட்சி 2010 இல் 57 ஆசனத்தோடு கூட்டில் சேர்ந்தது, 2015 இல் 8. பல்கலைக்கழகக் கட்டணத்தைக் கூட்ட வாக்களிக்க மாட்டோம் என்று கையெழுத்துப் போட்ட வேட்பாளர்கள், கட்டண வரம்பை 9,000 பவுணாக்கும் வாக்கெடுப்பு வந்தபோது ஆம், இல்லை, விலகல் என்று மூன்றாகச் சிதறினார்கள். அதே 2015 இல் பெரிய பங்காளியான கன்சர்வேட்டிவ் தனிப் பெரும்பான்மை எடுத்தது. ஜேர்மனியில் சுதந்திர ஜனநாயகக் கட்சி 2009 இல் 14.6 வீதம், கூட்டில் இருந்தபின் 2013 இல் 4.8, அங்கும் 5 வீத வெட்டுப்புள்ளி, எனவே சபைக்கு வெளியே. அயர்லாந்தில் பசுமைக் கட்சி 2020 இல் 12, 2024 இல் 1. உடன் ஆட்சி செய்த இரண்டு பெரிய கட்சிகளும் மறுபடி அரசமைத்தன.

யார் பொறுப்பு என்பது தெளிவாகத் தெரியும் ஆட்சியில்தான் வாக்காளர் பொருளாதாரத்துக்காகத் தண்டிக்கிறார், தெளிவு குறையக் குறைய அந்தத் தொடர்பும் மங்குகிறது என்று பவல், விற்றன் என்ற இருவர் 1993 இல் பல நாட்டுத் தேர்தல்களை வைத்துக் காட்டினார்கள். கொட்டடி வாசியின் முதல் பதிவு கிட்டத்தட்ட அந்த ஆய்வுதான், சந்தையும் வடிகாலும் சேர்த்து.

சின்னவருக்கு ஏன் அடி? பெரிய கட்சியின் வாக்காளர் "நம்மாள்தான் பிரதமர்" என்று தன் பங்கைக் கண்ணால் காண்கிறார். சின்னக் கட்சியின் வாக்காளர் காண்பது விட்டுக்கொடுத்ததை மட்டும். தடுத்து நிறுத்தியது எதுவும் கண்ணுக்குத் தெரியாது. நடக்காத விசயத்துக்கு யாரும் நாடா வெட்டித் திறப்பு விழா வைப்பதில்லை.

சங்குப்பிட்டி | ஓகஸ்ட் 19

அக்கரையை, தமிழ்நாட்டை, விட்டுவிட்டீர்கள். தி.மு.க. 2013 மார்ச்சில், நம்முடைய பிரச்சினையைச் சொல்லியே மத்திய கூட்டில் இருந்து விலகியது. 2009 இல் 18 ஆசனம், 2014 இல் பூச்சியம். இத்தனைக்கும் நாலில் ஒரு பங்குக்குச் சற்றுக் குறைந்த வாக்கு வாங்கியிருந்தது. ஒரு வருசம் முன்னே விலகினால் ஒன்பது வருசப் பொறுப்புக் கழுவப்படாது. ஆனால் தொகுதி முறை இல்லாமல் விகிதாசாரமாக இருந்திருந்தால் பூச்சியமும் வந்திருக்காது. தண்டனையில் பாதி வாக்காளர் கொடுத்தது, பாதி முறை கொடுத்தது.

வல்லைவெளி | ஓகஸ்ட் 20

அப்ப வீணை? அதின்ரை தலைவர் டக்ளஸ் 2019 இலையிருந்து 2024 வரைக்கும் கடற்றொழில் அமைச்சர். 2020 இலை 45,797, 2024 இலை 17,730. 1994 இலையிருந்து வைச்சிருந்த ஆசனம் போச்சு. கணக்கு நேராத்தானே போயிருக்கு?

கணக்கப்பிள்ளை | ஓகஸ்ட் 20

ஆளும் கூட்டில் பங்காளி, அமைச்சு கையில், துறையும் யாழ்ப்பாணத்துக்கு நேராகச் சம்பந்தப்பட்டது. பொறுப்பு இதைவிடத் தெளிவாக இருக்க முடியாது. எனினும் அவசரப்பட வேண்டாம். 2022 நெருக்கடி நடுவில் வந்தது. 2024 இல் நாடு முழுதும் பழைய முகங்கள் ஏராளம் விழுந்தன, ஆட்சியில் இருந்தவையும் இல்லாதவையும். வீடு ஆட்சியில் இல்லை. அதற்கும் 112,967 இலிருந்து 63,327. வீணைக்கு விழுந்த அடியில் எவ்வளவு அமைச்சுக்கு, எவ்வளவு அலைக்கு என்று பிரிக்க இதை வைத்து ஓரளவு பார்க்கலாம்: வீட்டுக்குச் சரிவு 44 வீதம், வீணைக்கு 61. அந்த 17 வீதப் புள்ளி வித்தியாசத்தை அமைச்சின் கணக்கில் எழுதலாமா என்றால், எழுதலாம், பென்சிலால்.

கொட்டடி வாசி | ஓகஸ்ட் 21

மாகாண சபையைப் பற்றி ஒருவரும் வாய் திறக்கவில்லை.

சங்குப்பிட்டி | ஓகஸ்ட் 21

திறந்து என்ன. 2013 செப்ரெம்பரில் 38 இல் 30 ஆசனத்தோடு கூட்டமைப்பு வந்தது. உள்ளேயே முதலமைச்சருக்கும் கட்சிக்கும் மோதல், 2017 இல் நம்பிக்கையில்லாப் பிரேரணை வரை போனது. 2018 ஒக்டோபரில் காலம் முடிந்தது. அதன்பின் தேர்தலே இல்லை. அந்த ஐந்து வருசத்துக்கான தீர்ப்பை வாக்காளர் மாகாண மட்டத்தில் இன்னும் எழுதவில்லை. உள்ளூராட்சியும் 2023 மார்ச்சுக்குப் பிறகு இரண்டு வருசம் அப்படித்தான் கிடந்தது. தேர்தலை நடத்தாமல் விட்டது அடிப்படை உரிமை மீறல் என்று உயர் நீதிமன்றம் 2024 ஓகஸ்டில் சொன்ன பிறகுதான் இந்த மே வந்தது. கூட்டு தெளிவில்லை என்று குறைசொல்ல முதலில் பெட்டி வைக்க வேண்டும்.

கொட்டடி வாசி | ஓகஸ்ட் 24

நடைமுறைக்கு வருவோம். டிசம்பர் பாதீட்டுக்கு முன் நான் என்ன தயார் செய்ய வேண்டும்?

கணக்கப்பிள்ளை | ஓகஸ்ட் 24

ஒரு கொப்பித்தாள். 45 பெயரும், எந்தச் சின்னம், வட்டாரமா பட்டியலா என்பதும் இடது பக்கம். வலது பக்கம் பத்திகள்: முதல்வர் தெரிவு, பாதீடு முதல் தடவை, தேவைப்பட்டால் இரண்டாம் தடவை, வருகை. பாதீடு இரண்டு தடவை வந்தால் இரண்டையும் ஒரே பத்தியில் எழுதாதீர்கள். முதல் தடவை எதிர்த்து, இரண்டாம் தடவை வராமல் விட்டவர் இருப்பார். பேரம் எங்கே படிந்தது என்பதை அந்த இரண்டு கட்டங்களுக்கு நடுவில் தேடலாம். அவருடைய வட்டாரத்துக்குத் திருத்திய பாதீட்டில் புதிதாக ஏதாவது வேலை ஏறியிருக்கிறதா என்று முதல் வரைவையும் இரண்டாவதையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஏறியிருந்தால் அது குற்றமென்று உடனே முடிவு கட்ட வேண்டாம், வட்டாரத்துக்கு வீதி வந்தால் நல்லதுதான். ஆனால் என்ன விலைக்கு வந்தது என்பது உங்களுக்குத் தெரிந்துவிடும்.

வல்லைவெளி | ஓகஸ்ட் 24

வராதவர் வைத்தியச் சான்றிதழ் காட்டினால்?

கணக்கப்பிள்ளை | ஓகஸ்ட் 25

அதையும் எழுதுங்கள். பக்கத்திலேயே அடுத்த மாதக் கூட்டத்துக்கு வந்தாரா என்பதையும்.